ஐயம் இடுதல்

பிப்ரவரி 22, சனி

ஜெபகனி மேடம் ஒரு வேலை கொடுத்துவிட்டார். பரீட்சை வரைக்கும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். என்ன சமைத்தோம், யார் வந்தார்கள் என்பதெல்லாம் இல்லை. இன்றைக்கு எதை உண்மை என்று எடுத்துக்கொண்டோம், எந்த ஆதாரத்தில் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். "எங்கிட்ட காட்ட வேண்டாம். உங்களுக்கே நீங்க காட்டிக்கிட்டாப் போதும்" என்றார். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறவர்களுக்கு வேறு சோலியே கிடையாது என்று நினைத்துவிட்டார் போல.

சரி, எழுதித் தொலைக்கிறேன். இன்றைய உண்மை: கல்லூரி கேன்டீன் வடை பழைய எண்ணெயில் போட்டது. ஆதாரம்: ஒரு கடி கடித்தேன், குமட்டிக்கொண்டு வந்தது, வேப்பமரத்தடிக்கு ஓடினேன். சீ. கூடப் படிக்கும் தவசிமுத்து அண்ணாச்சி என் வடையையும் சேர்த்துத் தின்றார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிட்டையர் ஆன தபால்காரர். வெயிலில் சைக்கிள் மிதித்த வயிறு, கல்லைத் தின்றாலும் செரித்துவிடும்.

பாடத்தில் வருகிற வெள்ளைக்காரர்களின் பெயர்களைப் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு விதமாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நானே பெயர் வைத்துக்கொண்டேன். குளிர்காலத்தில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து உலகத்தையே சந்தேகப்பட்ட பிரெஞ்சுக்காரர் அடுப்படியார். வடிவக்கணிதம் போலக் கடவுளையே நிறுவப் பார்த்தவர், கண்ணாடி தேய்த்துப் பிழைத்தவர், ஆகவே கண்ணாடியார். நாளைக்கும் சூரியன் உதிக்கும் என்பதற்கு என்னய்யா ஆதாரம் என்று கேட்ட ஸ்காட்லாந்துக்காரர் நாளைக்காரர். பி.எஸ்சி. கணிதம் படித்த எனக்கு மூன்று பேரையும் பிடித்திருக்கிறது. சத்தமாகச் சொன்னால் அது நிரூபணம் ஆகிவிடாது என்று தெரிந்த ஆம்பளைகள்.

வீட்டுக்கு வந்தால் வாசல் நிலைக்கு மேலே புதுக் கேமரா. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, கேமரா வியாபாரம். பாளையங்கோட்டையில் பாதிக் கடைகளுக்கு இவர்தான் மாட்டிக் கொடுத்திருக்கிறார். "திருட்டுப் பயம்லா, அதான்" என்றார். எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது? அத்தையின் வெண்கல உருளி ஒன்றுதான், அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

அத்தை சாளை மீன் குழம்பு வைத்திருந்தார். அந்த வாடை தெருமுனையிலேயே என் தொண்டையைப் பிடித்தது. சோறு போடும்போது அத்தையின் வலது உள்ளங்கை கண்ணில் பட்டது. நடுவில் கறுப்பாக, வழுவழுவென்று ஒரு பழைய தழும்பு. தோசைக்கல் சுட்டதாக இருக்கும். மூன்று வருஷமாக அந்தக் கை பரிமாறித்தான் சாப்பிடுகிறேன், இன்றைக்கு என்னவோ பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழம்பை அந்தப் பக்கம் தள்ளிவைத்துவிட்டு நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வைத்தார். இன்றைய உண்மை: மீன் கெட்டுப்போனது. மற்றவர்கள் ஏன் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 2, ஞாயிறு

தவசிமுத்து அண்ணாச்சி போன் செய்தார். இவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தாயி, ஒரு சந்தேகம்" என்றார் அண்ணாச்சி. அவர் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். "எல்லா மனுசனும் சாவான், தவசிமுத்து செத்தான், அதனால தவசிமுத்து மனுசன். இது சரியான வாதமா, தப்பா?"

"தப்பு அண்ணாச்சி. ஆடும்தான் சாகும். செத்தவன் எல்லாம் மனுசன்னு ஆகிடாது."

"அட, ஆமால்ல!" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

போனை வைத்ததும் இவர் கேட்டார், "என்னளா, ஞாயித்துக்கிழமைகூட ஒருத்தனுக்குச் சந்தேகம் வருமோ?"

"படிக்கிறவங்களுக்கு வரும்."

"எனக்குந்தான் வருது" என்றார். என் கணவர் சங்கரநயினார் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 3, திங்கள்

என் போனைத் திறக்கும் எண் இவருக்குத் தெரியும். இவர் போனுடையது எனக்குத் தெரியாது. இதுவரை அது எனக்கு உறைத்ததே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று வகுப்பில் பாதி நேரம் தலைசுற்றலாக இருந்ததால் அண்ணாச்சிக்கு ஒரு தர்க்கக் கணக்கைச் சொல்லித்தர முடியவில்லை. ராத்திரி அவர் அனுப்பிய செய்தி இது, அப்படியே எழுதுகிறேன்: "சந்தேகம் தீர்ந்தது தாயி. இன்னொண்ணு பாக்கி இருக்கு. அதை நேர்லதான் தீர்க்கணும்."

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது இவர் அந்தச் செய்தியை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பேஸ்ட் வாடையோடு குமட்டலும் வந்தது. சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தேன்.

"சிரிக்கியா?"

"என்னங்க இது? அவருக்கு என் அப்பா வயசு. பேரன் காலேஜ் படிக்கான்."

"வயசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சரி, போனைப் பூராத் தேடிப் பாருங்க. ஒண்ணு கிடைச்சாலும் சொல்லுங்க."

"பாத்துட்டேன். ஒண்ணும் கிடைக்கல." போனை இன்னொரு தடவை புரட்டினார். "அதான் இடிக்கி. ஒண்ணுகூடக் கிடைக்கலன்னா, நீ அம்புட்டுச் சுத்தமா அழிச்சிருக்கேன்னு அர்த்தம்."

கிடைத்தால் குற்றம், கிடைக்காவிட்டால் பெரிய குற்றம். அப்பா சாமி! இந்த வாதத்துக்குள்ளே நுழைய வழி இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு விடையைப் பரீட்சையில் எழுதினால் ஜெபகனி மேடம் சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்டுப் பக்கத்திலேயே 'வட்டம்' என்றும் எழுதுவார்.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு அனுப்பிய நிரூபணங்கள்: பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் போட்டோ. மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரியோடு போட்டோ. அவள் "எதுக்கும்மா என்னைய எடுக்கே?" என்றாள். என்ன சொல்ல? என் புருஷன் உன்னை நம்புவார், என்னை நம்பமாட்டார் என்றா? நூலகத்திலிருந்து லொக்கேஷன். அதற்குப் பதிலாக, "போனை அங்க வச்சுட்டு வேற எங்கயும் போயிருக்கலாம்லா" என்று ஒரு செய்தி.

அவரைவிட என்மேல்தான் அருவருப்பாக இருக்கிறது. கேட்கக் கேட்க எடுத்து நீட்டுகிறேனே, அந்தக் கைமேல்.

மார்ச் 19, புதன்

எழுதிவிடுகிறேன். எண்ணெய் இல்லை, மீன் இல்லை, பேஸ்ட் இல்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது எதுவோ அதுதான். எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ளாமல் வடைக்காரன்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். சந்தேகத்துக்கு நடுவில் ஒரு பிள்ளையா என்று பயம்.

ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா திரையில் காட்டினார். ஒரு சின்னத் துடிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே பிடித்துக்கொண்டார், அதையும் எழுத வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தி எனக்கு மாதுளை வாங்கினார்.

வீட்டுக்கு வந்து ஸ்கேன் தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் படித்தார். "ஒம்பது வாரம்னு போட்டிருக்கே" என்றார். பிறகு காலண்டர் பக்கம் போனார். தாள்களைப் பின்னால் புரட்டுகிற சத்தம் கேட்டது. மாதுளை உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஒன்பது வாரம் பின்னால் எண்ணினால் பொங்கல் வருகிறது. பொங்கலுக்கு இவர் ஊரில் இல்லை. தூத்துக்குடியில் ஒரு குடோனுக்குக் கேமரா மாட்டப் போயிருந்தார். அவ்வளவுதான் நிரூபணம். முடித்துவிட்டார்.

டாக்டர்கள் கடைசியாகத் தீட்டான நாளிலிருந்து வாரத்தை எண்ணுவார்கள், பிள்ளை தங்குவது அதற்கு இரண்டு வாரம் கழித்து, அப்போது நீங்கள் ஊருக்கு வந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். கல்யாணமாகி மூன்று வருஷமான ஆம்பளைக்கு இதைத் தாளில் கோடு போட்டு விளக்கினேன். டாக்டரம்மாவுக்கே போன் போட்டுக் கொடுத்தேன். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு இவர் சொன்னது: "அவியளும் பொம்பளதான?"

தூ!

ஏப்ரல் 5, சனி

வகுப்புக்குப் போனேன். தவசிமுத்து அண்ணாச்சி வழக்கமாக முதல் பெஞ்சில் எனக்குப் பக்கத்து வரிசையில் இருப்பார். இன்று கடைசி பெஞ்சில் சுவரோரம். இடைவேளையில் போய்க் கேட்டேன், "என்ன அண்ணாச்சி, போனே காணோம்? சந்தேகம் ஒண்ணும் இல்லையா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு சந்தேகமும் இல்ல தாயி" என்றார். "எல்லாம் வெளங்கிட்டு."

இவர் அவருக்குப் போன் செய்து பேசியிருக்கிறார், அவர் குனிந்ததிலேயே புரிந்தது. என்ன பேசினார் என்று அண்ணாச்சி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் ஊராருக்குக் கடிதம் கொடுத்த மனிதர், கூனிப் போய் உட்கார்ந்திருந்தார்.

மேடம் இன்று நடத்தியது நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பது. ஒருவன் ஒன்றை உண்டு என்று சொன்னால் அவன்தான் நிறுவ வேண்டும். கேட்கிறவன் தலையில் அதைக் கட்டக் கூடாது. நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். தாள் கிழிந்தது.

ஏப்ரல் 19, சனி

இன்றைக்கு வகுப்பு முடிந்து வருகையில் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தட்டை நீட்டினார். சில்லறை போட்டேன். வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். திரும்பி வந்து மறுபடி என்னிடமே நீட்டினார், நான் போட்டது அவருக்கு நினைவில்லை. மறுபடி போட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பொறி தட்டிற்று. எங்கள் பாடப்புத்தகத்தில் சந்தேகம் என்று எழுத மாட்டார்கள். ஐயம் என்றுதான் இருக்கும். ஐயமுறை, ஐயவாதம். ஒன்றாம் வகுப்பில் அதே சொல்லுக்கு என்ன அர்த்தம் சொல்லிக்கொடுத்தார்கள்? பிச்சை. ஐயம் இடுதல், பிச்சை போடுதல். இருபது வருஷமாக இரண்டு அர்த்தமும் தெரியும், ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்ததில்லை.

இவர் நீட்டுவது தட்டு. நான் போடுவது போட்டோ, லொக்கேஷன், டாக்டர் வார்த்தை. எவ்வளவு போட்டாலும் அடுத்த வேளைக்கு மறுபடி நீட்டுவார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தீர்ப்பு வந்துவிட்டது. மே ஒன்பது, வெள்ளிக்கிழமை காலை, இவர்கள் குலதெய்வமான மாடசாமி கோயிலில் நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பிள்ளை இவருடையது என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைக்க வேண்டும். பொய் சொன்னால் மாடன் கேட்பான். செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். செய்யாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை, பிள்ளைக்கும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பரீட்சை என்றேன். "அது பத்து மணிக்குத்தான? சத்தியத்தைப் பண்ணிட்டுப் போ. நானே கொண்டு விடுதேன்" என்றார். பெரிய மனசு.

சமையல்கட்டில் அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம்ளா. சுடக்கூடச் செய்யாது. அமுக்குனதும் அணைஞ்சிரும். நான் பண்ணலையா?" என்று ஈரக் கையை விரித்துக் காட்டினார். அந்தத் தழும்பு. அத்தை முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. "சங்கரன் வயித்துல இருக்கையில. உங்க மாமா கேட்டாவ. ஊர் பாக்க அணைச்சேன்."

எனக்கு அந்தக் கையைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை. கேட்டேன், "அதுக்கப்புறம் மாமா சந்தேகப்படவே இல்லையா அத்தை?"

அத்தை அரிசித் தண்ணீரைக் கொட்டினார். வேறு தண்ணீர் பிடித்தார். களைந்த அரிசியையே மறுபடி களைந்தார்.

மே 8, வியாழன்

நான் சொல்லப்போவது உண்மை. அணைத்தால் ஒன்றும் ஆகாது. பிறகு எதற்காக இப்படிக் குடலைப் புரட்டுகிறது? டாக்டரம்மா இந்த மாதத்தில் குமட்டல் நின்றுவிடும் என்றார்.

கணிதத்தில் ஒரு வழி உண்டு. நிறுவ முடியாமல் திணறினால் எதிர்ப்பக்கத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். ஓரிடத்தில் முரண்பட்டு முட்டிக்கொண்டால் அந்த வழி பொய். சரி, நடக்கிறேன். நாளை அணைக்கிறேன் என்று வைத்துக்கொள். அவர் சந்தேகம் தீர்கிறது. அதாவது ஒரு நிரூபணம் கிடைத்தால் தீர்கிற சந்தேகம் அது. அப்படியானால் அது ஸ்கேன் தாளிலேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

முட்டிக்கொண்டாயிற்று. ஆனால் காலையில் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஹால் டிக்கெட், பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் பையில் வைத்துவிட்டேன். இரண்டு சேலையும் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இங்கே எழுதவில்லை.

மே 9, வெள்ளி

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். கோவில்பட்டி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்குக் கோயில். பூசாரி, இவர், அத்தை, நான், இவருடைய சித்தப்பா ஒருவர். பூசாரி தட்டில் கட்டிக் கற்பூரத்தை ஏற்றி மாடனுக்கு முன்னால் பீடத்தில் வைத்தார். அந்த வாடை நேராக மூளைக்கு ஏறியது.

"பிள்ளை எனக்குத்தான்னு சொல்லி அணைச்சிரு" என்றார் இவர். கற்பூரத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்கும் பயம்தான், அதையும் பார்த்தேன்.

கையை நீட்டப்போனேன். உண்மையாகவே நீட்டப்போனேன். பக்கத்தில் அத்தை தன் வலது கையை முந்தானைக்குள் மூடி வைத்திருந்தார். என் கை தானாகவே இறங்கிவிட்டது.

"சந்தேகம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"என்ன?"

"சந்தேகம் எனக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான். அதுக்கென்ன இப்ப?"

"அப்ப நீங்க அணைங்க. இந்தப் பிள்ளை என்னுது இல்லன்னு சொல்லி அணைங்க. நான் தள்ளி நிக்கேன்."

சித்தப்பா "ஏ, என்ன பேச்சுப் பேசுதா இவ!" என்று சத்தம் போட்டார். பூசாரி இவரைப் பார்த்தார். நியாயம்தானே என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. இவர் கையைப் பாதி நீட்டினார். சுடரைப் பார்த்தார், மாடனைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு என்ன நிச்சயமாத் தெரியும்?"

"தெரியாதுல்லா? அந்தத் தெரியாததுக்குத்தான் இத்தனை நாளா என்னைய நிறுத்தி வச்சு விசாரிச்சீயளா? ஒரு வயசான மனுசனைக் கூனிக் குறுக வச்சீயளா?" நான் கத்தினேன். கோயிலில் அப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன்.

யாரும் அணைக்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் கற்பூரம் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது சின்னதாகி, நீலமாகி, தானாகத் தீர்ந்துபோயிற்று. தட்டில் கரி மட்டும் இருந்தது.

முதலில் அசைந்தது அத்தைதான். கீழே இருந்த என் பையைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டார். பையின் கனத்தைக் கை உணர்ந்திருக்கும், பரீட்சைப் பை அவ்வளவு கனக்காது. ஒன்றும் கேட்கவில்லை. "மணியாகுது. ஆட்டோ பிடிச்சுப் போ" என்றார். இவர் "அம்மா!" என்றார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

பரீட்சை ஹாலுக்கு வெளியே தவசிமுத்து அண்ணாச்சி தூண் ஓரமாக நின்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நகரப் பார்த்தார். எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டேன்: "அண்ணாச்சி, ஒரு சந்தேகம்!"

நின்றார். "எனக்கா தாயி? எங்கிட்டயா கேக்கே?"

"உங்ககிட்டதான். கண்ணாடியாரோட மூணாவது நிரூபணம், எனக்கு வழி மறந்துபோச்சு."

மறக்கவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னார், சண்டை போட்டுத் திருத்தினேன். மணி அடித்தபோது பழைய அண்ணாச்சியாகத்தான் உள்ளே போனார்.

கேள்வித்தாளில் ஐயமுறை வந்திருந்தது. விளக்குக, அது எங்கே முடிகிறது என்று காட்டுக. நன்றாக எழுதினேன். அடுப்படியார் சந்தேகப்பட்டது தன்னுடைய நம்பிக்கைகளைத்தான். தன்னையே உட்கார வைத்து விசாரித்தார், நிற்க ஒரு இடம் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். அடுத்த வீட்டு ஆளையோ கட்டிய பெண்டாட்டியையோ வாசலில் நிறுத்தி ஆதாரம் கேட்டால் அதற்குப் பெயர் தத்துவம் இல்லை என்று கடைசி வரி எழுதினேன். மதிப்பெண் போகும். போகட்டும்.

கோவில்பட்டி பஸ் ஏறி அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றேன். "என்னளா திடீர்னு?" என்ற அம்மா, என் வயிற்றைப் பார்த்துவிட்டு, பையைப் பார்த்துவிட்டு, "உள்ள வா" என்றாள். அவளும் ஒரு ஆதாரமும் கேட்கவில்லை.

சாயங்காலத்திலிருந்து போன் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. 'எங்க இருக்கே?' 'யார் கூட இருக்கே?' 'லொக்கேஷன் அனுப்பு.' 'அம்மா வீடுன்னா அம்மாவோட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நம்புதேன்.' தட்டு நீண்டுகொண்டே இருக்கிறது. கட்டைவிரல் பழக்கத்தில் கேமரா பக்கம் போயிற்று. நிறுத்தினேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா பழையதும் நார்த்தங்காயும் வைத்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். வாசல் பக்கம் ஓடத் தயாராகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது.